இந்தோனேசியா மதரஸாக்கள்ல சொல்லித்தர்ற மிதமான மார்க்கப் போக்கு, நெசமாவே வேலை செய்யுதா?

கேள்வி இதுதான்: இந்தோனேசியாவுல அரசாங்கமே மதரஸாவுக்குள்ள "மிதமான மார்க்கப் போக்கு"ன்னு ஒரு திட்டத்தைக் கொண்டு வந்திருக்காங்க, பல மதம் பல இனம் சேர்ந்து வாழ்றதையும் அதுலயே சொல்லித் தர்றாங்களாம், இது மார்க்கத்தை நீர்த்துப் போக வைக்கிற வேலையா இல்ல உருப்படியான கல்வியா?

பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க. சுருக்கத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தப் பேரும் அந்தத் திட்டமும் அரசாங்கம் 2019 வாக்குல வச்சது. ஆனா அந்தப் பழக்கம் அங்க இருக்கிற பெசந்த்ரென்கள்ல, அதாவது பிள்ளைங்க தங்கி ஓதுற மதரஸாக்கள்ல, அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே ஊறிப்போன ஒண்ணு. பழக்கமா இருக்கிற இடத்துல நல்லா வேலை செய்யுது. பேனர்லயும் ட்ரெய்னிங் சர்டிஃபிகேட்லயும் மட்டும் இருக்கிற இடத்துல பெருசா எதுவும் மாறல. மார்க்கம் நீர்த்துப் போச்சான்னா, இல்லைன்னுதான் சொல்வேன், ஏன்னு கீழ வர்றேன்.

முதல்ல அந்த நாட்டோட நிலைமை தெரியணும். ஏறக்குறைய 28 கோடி ஜனம், அதுல நூத்துக்கு 87 பேர் முஸ்லிம், உலகத்துலயே முஸ்லிம்கள் அதிகமா இருக்கிற நாடுகள்ல ஒண்ணு. ஆனா அது இஸ்லாமிய அரசு கிடையாது. 1945 ஜூன் 22ல எழுதின ஜகார்த்தா சாசனத்துல, அதாவது அரசியல் சட்டத்துக்கான முன்னுரை வரைவுல, முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கணும்னு ஏழு வார்த்தை இருந்துச்சு, சுதந்திரம் அறிவிச்ச மறுநாள், ஆகஸ்ட் 18 காலையில, கிழக்குப் பக்கத்து கிறிஸ்தவப் பகுதிகள் பிரிஞ்சு போயிடக் கூடாதேன்னு, சுதந்திரத்தை அறிவிச்ச தலைவர்கள்ல ஒருத்தரான ஹத்தா முஸ்லிம் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசி அந்த ஏழு வார்த்தையை எடுத்துட்டாங்க. அதுக்கு ஒத்துக்கிட்டவர்கள்ல முக்கியமானவர் முஹம்மதியா இயக்கத்தோட தலைவர் கி பாகுஸ் ஹாதிகுசுமோ, அவர் லேசுல சம்மதிக்கல, ரொம்ப மனசு வலிச்சுத்தான் விட்டுக்கொடுத்தார்னு சொல்வாங்க. இதை எதுக்கு சொல்றேன்னா, அங்க மார்க்கக் கல்வி நடத்துற பெரிய இயக்கங்கள்தான் அந்த நாட்டோட அஸ்திவாரத்துலயும் கை வச்சிருக்கு. வெளியில இருந்து யாரோ வந்து மதரஸாவை "சரி பண்ற" கதை இல்ல இது.

அந்த இயக்கங்கள் ரெண்டு. 1912ல ஜோக்ஜகார்த்தாவுல அஹ்மத் தஹ்லான் ஆரம்பிச்ச முஹம்மதியா, 1926ல சுரபாயாவுல ஹாஷிம் அஷ்அரி போன்ற ஆலிம்கள் ஆரம்பிச்ச நஹ்தத்துல் உலமா. முஹம்மதியா ஸ்கூல், காலேஜ், ஆஸ்பத்திரின்னு போகும், நஹ்தத்துல் உலமாவோட உயிர் பெசந்த்ரென்ல இருக்கு. நாடு முழுக்க பெசந்த்ரென் 30,000க்கு மேல, ஸ்கூல் மாதிரி நடக்கிற மதரஸாக்களும் பல பத்தாயிரம், அதுல பத்துக்கு ஒன்பதுக்கு மேல தனியார் நடத்துறது. இதை மனசுல வச்சுக்கிட்டா, ஜகார்த்தாவுல உக்காந்து ஒரு அமைச்சர் சர்க்குலர் போட்டா அது எவ்வளவு தூரம் போகும் எங்க நின்னுடும்னு ஓரளவு ஊகிக்கலாம்.

சரி, பெசந்த்ரென்ல என்ன நடக்குது? எனக்கு இதுதான் இந்த விஷயத்துலயே மிகவும் பிடிச்ச பகுதி, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். அங்க ஓதுற முறை ரெண்டு. ஒண்ணு சொரோகன், ஒவ்வொரு மாணவனா கியாய், அதாவது ஓதித்தர்ற ஆலிம், முன்னாடி போய் உக்காந்து அரபு கிதாபை வாசிச்சு அர்த்தம் சொல்லணும், தப்பா வாசிச்சா அங்கேயே திருத்துவார். இன்னொண்ணு பந்தோங்கன், கியாய் வாசிச்சு ஜாவா மொழியில அர்த்தம் சொல்லிக்கிட்டே போவார், சுத்தி உக்காந்திருக்கிற பிள்ளைங்க அரபு வரிக்குக் கீழ சின்ன எழுத்துல அர்த்தத்தை எழுதிக்கிட்டே வருவாங்க. அந்த எழுத்துக்கு பெகொன்னு பேர், ஜாவா மொழியை அரபு எழுத்துல எழுதுறது. நம்ம பக்கத்து அரபுத்தமிழ் மாதிரியே. அதோட அவங்க ஓதுற கிதாபுகளும் நமக்குத் தெரிஞ்சதுதான். ஃபத்ஹுல் முயீன் எழுதினவர் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம், மலபார்க்காரர், ஜாவாவுல இன்னைக்கும் அது மரியாதையா ஓதப்படுது. அவங்களும் ஷாஃபி மத்ஹப், அதாவது இமாம் ஷாஃபியோட சட்ட வழி, நம்ம காயல்பட்டினம் கீழக்கரை மாதிரி கடற்கரை ஊர்களும் ஷாஃபி மத்ஹப், கடல் வழியா போய் வந்த கிதாபுகள், ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

இப்போ மிதமான போக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டக் கிதாபைத் திறந்தீங்கன்னா பக்கத்துக்குப் பக்கம் கருத்து வேறுபாடுதான். இமாம் ஷாஃபி பழைய சொல் ஒண்ணு புது சொல் ஒண்ணு சொல்லியிருப்பார், அவர் வழியில பின்னாடி வந்த அறிஞர்கள்ல நவவி ஒண்ணை எடுப்பார், ராஃபிஈ இன்னொண்ணை எடுப்பார், ரெண்டு பேருக்கும் மரியாதை குறையாது. பதினஞ்சு பதினாறு வயசுல இருந்தே ஒரு பையன் "இதுல ரெண்டு கருத்து இருக்கு, ரெண்டும் பெரிய இமாம்களோடது"ன்னு தினமும் வாசிச்சு வளர்றான்னு வைங்க, அவன் மனசுல ஒரு இடம் தானா உருவாகிடுது. தன் கருத்தை உறுதியா புடிச்சுக்கிட்டே, எதிர்ல இருக்கிறவன் வழிகெட்டவன்னு நினைக்காம இருக்கிற இடம். இதை எந்த சிவிக்ஸ் பாடமும் இவ்வளவு ஆழமா சொல்லித் தர முடியாதுன்னு நான் நம்புறேன்.

அதுக்கு மேல பஹ்ஸுல் மஸாயில்னு ஒரு விவாத முறை இருக்கு. கெதிரியில இருக்கிற லிர்போயோ பெசந்த்ரென் இதுக்கு ரொம்பப் பேர் போனது. ஒரு நடைமுறைப் பிரச்சனையை எடுத்துப்பாங்க, பேங்க் வட்டி, உறுப்பு தானம், தேர்தல், ஆன்லைன் வியாபாரம், எதுவா இருந்தாலும். மாணவர்கள் அணி அணியா கிதாபு அடுக்கோட உக்காந்து, ஒவ்வொருத்தரும் தன் பதிலுக்கு ஆதாரமான அரபு வாசகத்தை எடுத்து வாசிச்சு வாதாடணும். சும்மா "எனக்குத் தோணுது"ன்னு சொன்னா செல்லாது. ராத்திரி ரொம்ப நேரம் போகும், சத்தம் போட்டு மறுப்பாங்க, முடிஞ்சதும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. சில கேள்விக்கு முடிவு வராது, அப்போ அதை மவ்கூஃப்னு எழுதி நிறுத்தி வச்சுடுவாங்க, இன்னொரு தடவை பாத்துக்கலாம்னு. பதினேழு வயசுப் பையன் "இதுக்கு இப்போதைக்கு எங்ககிட்ட பதில் இல்ல"ன்னு பகிரங்கமா எழுதி வைக்கிறதுக்குப் பழகுறான். வாட்ஸ்அப்ல ரெண்டு நிமிஷ வீடியோவுல எல்லாத்துக்கும் ஃபத்வா கொடுக்கிற காலத்துல இந்தப் பழக்கத்தோட மதிப்பு எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

மார்க்கம் நீர்த்துப் போச்சாங்கிற கேள்விக்கு இங்கதான் பதில் இருக்கு. 2019 பிப்ரவரி கடைசியில மேற்கு ஜாவாவுல பன்ஜார் ஊர்ல இருக்கிற ஒரு பெசந்த்ரென்ல நஹ்தத்துல் உலமாவோட ஆலிம்கள் தேசியக் கூட்டம் நடந்துச்சு. அங்க ஒரு கேள்வி: இன்னைக்கு இந்தோனேசியாவுல வாழ்ற முஸ்லிம் அல்லாதவங்க எந்தக் கணக்குல வருவாங்க? பழைய ஃபிக்ஹுல இருக்கிற திம்மி (முஸ்லிம் ஆட்சியில பாதுகாப்பு பெற்றவர்), ஹர்பி (போர்ல எதிரி), முஆஹத் (ஒப்பந்தம் செஞ்சவர்), முஸ்தஃமன் (அடைக்கலம் வாங்கி வந்தவர்) இந்த நாலுல எது? அவங்க எடுத்த முடிவு, இதுல எதுவும் பொருந்தாது, ஏன்னா அந்த நாலும் முஸ்லிம் ஆட்சியாளர் இருக்கிற அரசுல எழுதின வகைப்பாடு, இன்னைக்கு இருக்கிறது எல்லாரும் சேர்ந்து உருவாக்கின தேசம், அதனால அவங்க முவாத்தின், சம உரிமை உள்ள குடிமகன், பொது வாழ்க்கையில அவங்களைக் காஃபிர்னு கூப்பிட்டு மனசு நோகடிக்கக் கூடாது. உடனே சோஷியல் மீடியாவுல "நஹ்தத்துல் உலமா குர்ஆனையே மாத்திட்டாங்க"ன்னு ஒரே கூச்சல். ஆனா அவங்க அகீதாவுல, அதாவது அடிப்படை நம்பிக்கையில, கை வைக்கவே இல்ல, யாருக்கு எது நம்பிக்கைங்கிறது அப்படியேதான் இருக்கு, மாறினது குடியுரிமை பத்தின ஃபிக்ஹு. அந்த முடிவுக்குப் போன வழியும் பழைய வழிதான், கிதாபு, இபாரத் (அதுல இருக்கிற ஆதார வாசகம்), வாதம், முடிவு. நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமயே பக்கத்து வீட்டுக்காரனோட உரிமையை மதிக்க முடியும்ங்கிறதுக்கு இதைவிட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இது வெறும் பேப்பர்ல இருக்கிறதும் இல்ல. நஹ்தத்துல் உலமா இளைஞர் அணியோட காவல் படையான பான்ஸர் கிறிஸ்மஸ் ராத்திரியில சர்ச்சுக்குக் காவல் நிக்கிறது அங்க வழக்கம். 2000 டிசம்பர் 24ல மொஜொகெர்த்தோவுல ஒரு சர்ச்சுல குண்டு இருக்கிறதைப் பார்த்து அதைத் தூக்கிட்டு வெளிய ஓடின ரியாந்தோங்கிற பான்ஸர் பையன் அது வெடிச்சு அங்கேயே உயிரை விட்டான். அவன் பேர் இன்னைக்கும் அங்க சொல்லப்படுது.

படிக்கிற முறை ஒரு பக்கம், சேர்ந்து வாழ்றது இன்னொரு பக்கம். பொனொரோகோவுல இருக்கிற கோந்தோர் பெசந்த்ரென் 1926ல ஆரம்பிச்சது, "எல்லாப் பிரிவுக்கும் மேல, எல்லாப் பிரிவுக்கும் பொதுவா" நிக்கணும்ங்கிறது அவங்க கொள்கை. ஹாஸ்டல்ல ஒரே மாகாணத்துப் பசங்களை ஒரே ரூம்ல போட மாட்டாங்க, அச்சே பையன் ஜாவா பையன் மதுரா பையன் சுலவேசி பையன்னு கலந்து போட்டு, கொஞ்ச காலம் கழிச்சு ரூமையும் மாத்துவாங்க. ஊர் பாஷை பேசக் கூடாது, அரபு இல்லாட்டி இங்கிலீஷ். இந்தோனேசியாவுல நூத்துக்கணக்கான மொழியும் இனமும் இருக்கிறதை மறந்துடக் கூடாது, முஸ்லிம்களுக்குள்ளேயே இந்தக் கலப்பு தேவைப்படுது. பல கலாச்சாரக் கல்வின்னா மத்த மதத்துக்காரங்களைப் பத்திப் படிக்கிறது மட்டும்னு நினைக்கிறோம், தன் மதத்துக்குள்ளேயே வேற இனத்துக்காரனோட ஒரு பாத்ரூமைப் பங்கு போட்டுக்கிறதும் அதுலதான் சேரும்.

பாலியில தபானான் பக்கம் பாலி பீனா இன்சானின்னு ஒரு பெசந்த்ரென் இருக்கு, சுத்தி எல்லாம் ஹிந்து கிராமம். அங்க கணக்கு, சயின்ஸ் மாதிரி பாடம் எடுக்கிற டீச்சர்கள்ல நிறையப் பேர் பாலி ஹிந்துக்கள். தினமும் நெத்தியில அரிசி ஒட்டிக்கிட்டு ஒரு டீச்சர் வந்து ஜியாமெட்ரி நடத்துறாங்கன்னா, அந்தப் பிள்ளைக்கு "பிற மதத்தவரை மதிப்போம்"னு தனியா ஒரு பாடம் வேண்டியதில்ல. கிழக்குல ஃபுளோரஸ் தீவுல எண்டே ஊர்ல கத்தோலிக்கர்கள்தான் அதிகம், அங்க முஹம்மதியா ஸ்கூல்ல கிறிஸ்தவப் பிள்ளைங்க நிறையப் படிக்கிறாங்க, அவங்களுக்கு அவங்க மதப் பாடத்தை அவங்க மதத்து டீச்சரே எடுக்கிறாங்க. குபாங்ல முஹம்மதியா யூனிவர்சிட்டியில பெரும்பாலான மாணவர்கள் கிறிஸ்தவர்கள். எண்டே, பப்புவாவுல செருயி, கலிமந்தான்ல புத்துசிபாவ் இந்த மூணு ஊரையும் ஆராய்ஞ்சு புத்தகம் எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் அப்துல் முஅத்தி, 2024 அக்டோபர்ல அவர் நாட்டோட பள்ளிக்கல்வி அமைச்சராவே ஆயிட்டார். இஸ்லாமிய இயக்கம் நடத்துற ஸ்கூல்ல கிறிஸ்தவப் பிள்ளைக்கு மத மாத்த வேலை எதுவும் இல்லாம கல்வி கிடைக்குதுங்கிறது சின்ன விஷயம் இல்ல.

அரசாங்கத்தோட பங்கையும் சொல்லணும், அதுல நல்லதும் இருக்கு. முக்தி அலின்னு ஒரு அமைச்சர், 1971ல இருந்து 1978 வரைக்கும் மத விவகாரத்துறை, அவரே மதங்களை ஒப்பிட்டுப் படிக்கிற துறையில பெரிய ஆள், கனடாவுல மெக்கில் யூனிவர்சிட்டியில படிச்சவர். அவர் காலத்துல 1975ல மூணு அமைச்சர்கள் கையெழுத்து போட்டு ஒரு உத்தரவு வந்துச்சு: மதரஸாவுல 70 சதவீதம் பொதுப் பாடம், 30 சதவீதம் மார்க்கம், மதரஸா சர்டிஃபிகேட்டுக்கு ஸ்கூல் சர்டிஃபிகேட்டுக்கு இருக்கிற அதே மதிப்பு. இதனால மதரஸாப் பையன் என்ஜினியரிங் போகலாம் மெடிக்கல் போகலாம்னு ஆச்சு, 2003 கல்விச் சட்டம் அதை இன்னும் உறுதியாக்கிச்சு. மார்க்கக் கல்வி படிச்சவனும் மத்தவனும் ஒரே காலேஜ்ல ஒரே ஆஃபீஸ்ல சந்திக்கிற நிலைமையை உருவாக்கினதே மிதமான போக்குக்கு எவ்வளவோ பண்ணியிருக்கு, அந்தப் பேரைச் சொல்லாமயே. மறுபக்கம் கிதாபு ஓதுற நேரம் குறைஞ்சு போச்சுன்னு பழைய கியாய்கள் வருத்தப்பட்டாங்க, அந்த வருத்தம் நியாயமானது, 30 சதவீதத்துல ஒருத்தன் ஃபத்ஹுல் முயீன் வரைக்கும் வர முடியாது. அதனாலதான் பெசந்த்ரென் தனியா நிலைச்சு நிக்குது, 2019ல பெசந்த்ரென்னுக்குன்னே ஒரு சட்டமும் வந்துச்சு, சட்டம் நம்பர் 18.

உயர்கல்வியில ஹாரூன் நசூத்தியோன் பேரைச் சொல்லாம விட முடியாது. 1973ல இருந்து 1984 வரைக்கும் ஜகார்த்தா இஸ்லாமிய இன்ஸ்டிடியூட்டோட ரெக்டர். எல்லா மத்ஹப், எல்லா கலாம் (இறையியல்) பிரிவு, தத்துவம், தஸவ்வுஃப் (சூஃபி வழி) எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் படிக்கணும்னு சிலபஸையே மாத்தினார், பகுத்தறிவுக்கு முதலிடம் கொடுத்த பழைய பிரிவான முஃதஜிலாக்களைப் பத்திக்கூட மரியாதையா எழுதினார். நாட்டோட முதல் மத விவகார அமைச்சரா இருந்த ரஷீதி அவரை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார், அவ்வளவு காரசாரமான சண்டை. அந்த சண்டை நடந்ததே நல்லதுன்னு நினைக்கிறேன், ஏன்னா அந்த இன்ஸ்டிடியூட்டும் அதே மாதிரி மத்த இன்ஸ்டிடியூட்டுகளும்தான் நாட்டோட மார்க்க டீச்சர்கள்ல பெரும்பகுதியை உருவாக்குது. 2002ல அது யூனிவர்சிட்டி ஆச்சு, அப்புறம் மெடிக்கல் ஃபேகல்ட்டியும் வந்துச்சு.

இப்போ அந்த 2019 திட்டத்துக்கு வர்றேன், அங்க அதோட பேர் மொடெராசி பெராகாமா. அது வந்ததுக்குக் காரணம் இருக்கு. 2002 அக்டோபர் 12 பாலி குண்டுவெடிப்புல 202 பேர் செத்தாங்க, செஞ்சவங்கள்ல சிலருக்கு மதரஸாத் தொடர்பு இருந்துச்சு. 2016, 17ல ஜகார்த்தா கவர்னரா இருந்த கிறிஸ்தவர் அஹோக்கை எதிர்த்து லட்சக்கணக்குல ஜனம் திரண்டு, கடைசியில மத நிந்தனைன்னு அவருக்கு ரெண்டு வருஷம் ஜெயில். 2018 மே மாசம் சுரபாயாவுல ஒரே குடும்பம், சின்னப் பிள்ளைங்களையும் சேர்த்துக்கிட்டு, மூணு சர்ச்சுல தற்கொலைத் தாக்குதல் நடத்துச்சு. நாடே ஆடிப் போச்சு. அப்போ மத விவகார அமைச்சரா இருந்த லுக்மான் ஹகீம் சைஃபுத்தீன் கோந்தோர்ல படிச்சவர். அவர் திரும்பத் திரும்ப சொன்னது, மதத்தை மிதப்படுத்துறது எங்க வேலை இல்ல, மதம் ஏற்கனவே மிதமாத்தான் இருக்கு, நாம அதைக் கடைப்பிடிக்கிற விதத்தைத்தான் சரி பண்ணணும். குர்ஆன்ல பகரா 143ல வர்ற "உம்மத்தன் வஸத்தன்", நடுநிலை சமுதாயம், அதுதான் இதுக்கு ஆதாரமா வச்சிருக்கிற ஆயத்து. நாலு அடையாளம் சொல்றாங்க, நாட்டு மேல பற்று, சகிப்பு, வன்முறையை மறுக்கிறது, உள்ளூர் பண்பாட்டுக்கு இடம் கொடுக்கிறது. 2020ல இருந்து 2024 வரைக்குமான நாட்டோட வளர்ச்சித் திட்டத்துலயே இது சேர்ந்துச்சு, 2023ல ஜனாதிபதி ஆணையும் வந்துச்சு.

அந்த நாலாவது அடையாளத்துக்கு நம்ம ஆட்கள் சிலர் முகம் சுளிப்பாங்க, பித்அத்துக்கு, அதாவது மார்க்கத்துல இல்லாத புதுமைக்கு, கதவு திறக்குதுன்னு. ஜாவாவுல இருக்கிற குதுஸ் ஊரைப் பாருங்க. 16ஆம் நூற்றாண்டுல அங்க மார்க்கத்தைப் பரப்பின சுனன் குதுஸ், சுத்தி இருக்கிற ஹிந்துக்கள் மனசு நோகக் கூடாதுன்னு பசுவை அறுக்க வேண்டாம்னு சொன்னதா அந்த ஊர் நம்புது, இன்னைக்கும் அங்க குர்பானிக்குக் கூட பெரும்பாலும் எருமைதான், அந்த ஊர் சோத்தோ சூப்புலயும் எருமைக்கறி. பள்ளிவாசல் மினாரா செங்கல்ல கட்டினது, பார்த்தா பழைய ஜாவாக் கோயில் கோபுரம் மாதிரியே இருக்கும். பசு அறுக்கிறது ஹலால்ங்கிற சட்டம் மாறவே இல்ல. அனுமதிக்கப்பட்ட ஒண்ணை, அடுத்தவனுக்காக, அவங்களே விட்டாங்க. இதுல எந்த நம்பிக்கை போச்சு சொல்லுங்க?

இனி எங்க சறுக்குதுன்னு சொல்றேன், இதை மறைச்சா பதில் முழுசா இருக்காது.

முதல் சிக்கல் டீச்சர்கள். ஜகார்த்தா இஸ்லாமிய யூனிவர்சிட்டியோட ஆய்வு மையம் 2018ல நாடு முழுக்க முஸ்லிம் டீச்சர்கள்கிட்ட எடுத்த சர்வேயில பாதிக்கு மேல பேர்கிட்ட பிற மதத்தவர் பத்தி சகிப்பில்லாத கருத்து இருந்துச்சு, ஸ்கூல் டீச்சர், மதரஸா டீச்சர் ரெண்டு பேரும் அதுல அடக்கம். புத்தகத்தை ஒரு வருஷத்துல மாத்திடலாம், முப்பது வருஷ சர்வீஸ் போட்ட வாத்தியார் மனசை ரெண்டு நாள் ஹோட்டல் ட்ரெய்னிங்ல மாத்த முடியாது. நிறைய இடத்துல திட்டம் அந்த ட்ரெய்னிங்கோட நின்னுடுது.

ரெண்டாவது, அரசு ஸ்கூல். எல்லாரும் மதரஸாவையே உத்துப் பாக்கிறாங்க, ஆனா 2021 ஜனவரியில பெரிய பிரச்சனையா வெடிச்சது படாங் நகரத்துல ஒரு அரசுத் தொழிற்கல்வி ஸ்கூல்ல, கிறிஸ்தவ மாணவியையும் தலையில முக்காடு போடச் சொன்னாங்க. மூணு அமைச்சர்கள் சேர்ந்து எந்தப் பிள்ளையையும் மத உடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது, தடுக்கவும் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க, மூணு மாசத்துல உச்சநீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. அந்தப் பிள்ளைங்களோட நிலைமை மறுபடியும் அந்தந்த ஊர் ஸ்கூல் கையிலயே விடப்பட்டுச்சு. "மார்க்கத்துல நிர்ப்பந்தம் இல்லை"ன்னு வசனம் படிச்சு வளர்ந்த சமுதாயம், இன்னொரு மதத்துப் பிள்ளை தலையில முக்காட்டை நிர்ப்பந்தமா போடுறது எந்த ஃபிக்ஹுலயும் வராது.

அதே நேரத்துல மறுபக்கம் நடந்ததையும் சொல்லணும். 2018ல ஜோக்ஜகார்த்தா இஸ்லாமிய யூனிவர்சிட்டி முகத்திரை போடுற மாணவிகளைப் பதிவு பண்ணி, கவுன்சிலிங் கொடுத்து, எடுக்கலைன்னா வெளிய அனுப்புவோம்னு சொன்னாங்க, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினாங்க. மிதமான போக்குங்கிற பேர்ல ஒரு பொண்ணோட உடையைக் கழட்டச் சொல்றதும் நிர்ப்பந்தம்தான். அரசாங்கம் கையில இந்த வார்த்தை போனா தனக்குப் பிடிக்காத பக்திமானை எல்லாம் தீவிரவாதின்னு முத்திரை குத்துற ஆயுதமாவும் ஆயிடும், இந்தக் கவலையோட பேசுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. சர்ச்சுக்குக் காவல் நிக்கிற அதே நாட்டுல, மிர்சா குலாம் அஹ்மதைப் பின்பற்றுற அஹ்மதியாக்களுக்கும் ஷியாக்களுக்கும் என்ன நடந்துச்சு? 2008ல அஹ்மதியாக்கள் பிரசாரத்தைத் தடுத்து அரசாங்க உத்தரவு, 2011 பிப்ரவரியில சிகெயுசிக்ல கூட்டமா வந்து மூணு பேரை அடிச்சே கொன்னாங்க. 2012ல மதுரா தீவு சம்பாங்ல ஷியா கிராமத்தைக் கொளுத்தி விரட்டினாங்க, அந்தக் குடும்பங்கள் வருஷக்கணக்கா சிதோஆர்ஜோவுல கவர்ன்மென்ட் குடியிருப்புல அகதியா கிடந்தாங்க, சொந்த நாட்டுக்குள்ளேயே. வேற மதத்துக்காரனை சகிச்சுக்கிறது ஒரு வகையில ஈஸி, அவன் நம்ம வீட்டுக்குள்ள வரப் போறதில்ல. நம்ம கலிமாவையே சொல்லிட்டு வேற விளக்கம் சொல்றவன்கிட்டதான் பொறுமை உடையுது. அவங்க அகீதாவை ஏத்துக்கணும்னு நான் சொல்லவே இல்ல, நானே ஏத்துக்க மாட்டேன். ஆனா அவங்க வீடு எரியக் கூடாது, உசிரு போகக் கூடாதுங்கிறதை மதரஸாப் பாடம் பேரைச் சொல்லிப் பேசணும், பொதுவா "சகிப்புத்தன்மை"ன்னு மட்டும் எழுதிட்டுப் போறது பத்தாது. குடியுரிமை பத்தி பன்ஜார்ல எடுத்த முடிவை முஸ்லிம் அல்லாதவங்களுக்கு எழுதின அதே தைரியத்தோட இவங்களுக்கும் எழுதற நாள் வரணும்.

தீவிரவாதத்தோட தொடர்பு இருந்த பெசந்த்ரென்கள் பத்தியும் கேப்பீங்க. எண்ணிக்கையில ரொம்பக் கொஞ்சம், 30,000 பக்கத்துல வச்சுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. பாலி குண்டுவெடிப்புக்குப் பின்னால இருந்த ஜமாஅஹ் இஸ்லாமியா அமைப்பு 2024 ஜூன் 30ல அதோட மூத்த தலைவர்கள் வாயாலேயே கலைச்சாச்சுன்னு அறிவிச்சாங்க, அவங்க சார்பு பெசந்த்ரென்கள்ல வரம்பு மீறின பாடம் இல்லாம பாத்துக்கிறோம்னும் சொன்னாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அவங்களைத் திருப்பினது ஜெயில் மட்டும் இல்ல, பல வருஷமா உள்ளுக்குள்ளேயே அதே கிதாபுகளை வச்சு நடந்த மறுபரிசீலனையும்.

2025 ஜூலையில மத விவகார அமைச்சர் நசாருத்தீன் உமர் "அன்பு அடிப்படையிலான பாடத்திட்டம்"னு ஒண்ணை ஆரம்பிச்சு வச்சார். அல்லாஹ் மேலயும் ரசூல் மேலயும் அன்பு, அறிவு மேல, இயற்கை மேல, தன் மேலயும் சக மனுஷன் மேலயும், நாட்டு மேல, இப்படி அஞ்சு. ஜகார்த்தாவுல இருக்கிற இஸ்திக்லால் பள்ளிவாசலோட பெரிய இமாமும் அவர்தான், 2024 செப்டம்பர்ல போப் ஃப்ரான்சிஸ் வந்தப்போ அந்தப் பள்ளிவாசல்ல ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டறிக்கையில கையெழுத்து போட்டாங்க. எண்ணம் நல்ல எண்ணம். பலன் தெரிய ஒரு தலைமுறை ஆகும்.

கடைசியா ஒரு முடிச்சு அவிழாம இருக்கு, அதுல என் கருத்தைச் சொல்லிட்டு நிறுத்துறேன். 2003 சட்டத்துப்படி ஸ்கூல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட மதப் பாடத்தை அதே மதத்து டீச்சர் எடுக்கணும். எண்டேயில கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பாதுகாப்பா இருக்கிறது இதே சட்டம்தான், அதனால எடுத்துடக் கூடாது. ஆனா மதப் பீரியட் வந்தா கிளாஸ் ரெண்டா மூணா பிரிஞ்சு தனித்தனி ரூமுக்குப் போயிடுது, பக்கத்து பெஞ்சுப் பையன் அந்த ரூம்ல என்ன படிக்கிறான்னு பன்னெண்டு வருஷமும் தெரியாமயே வெளிய வர்றாங்க. எல்லா மதத்தையும் கலந்து ஒரே பாடமாக்கணும்னு சில அறிஞர்கள் சொல்றாங்க, அதுக்கு ஆலிம்கள் எதிர்ப்பு, எனக்கும் அதுல உடன்பாடு இல்ல, எல்லாத்தையும் கலக்கினா எந்தப் பிள்ளைக்கும் தன் மார்க்கம் ஆழமா கிடைக்காது. தனி வகுப்பு அப்படியே இருக்கட்டும், அதோட மாசத்துல ஒண்ணு ரெண்டு பீரியட் எல்லாரும் சேர்ந்து உக்காரட்டும், முஸ்லிம் பிள்ளை நோன்பு ஏன் வைக்கிறோம்னு சொல்லட்டும், கத்தோலிக்கப் பிள்ளை தவக்காலம்னா என்னன்னு சொல்லட்டும், பாலி ஹிந்துப் பிள்ளை ஞெப்பி நாள் அன்னிக்கு ஊரே ஏன் விளக்கணைச்சு அமைதியா இருக்குன்னு சொல்லட்டும், டீச்சர் நடுவுல பேசாம கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கட்டும். பாடத்திட்டத்துல புதுசா ஒரு பக்கம்கூட எழுத வேண்டாம், டைம்டேபிள்ல ரெண்டு பீரியட் ஒதுக்கினா போதும், அதை ஒரு ஹெட்மாஸ்டரே அடுத்த மாசத்துல இருந்து ஆரம்பிச்சுடலாம்.